அவர் இலையில் உப்பு

என்னை மயிலாப்பூருக்குக் குடித்தனம் அனுப்பியபோது எனக்குப் பதினேழு வயது, அவருக்கு இருபத்தாறு. அதற்கு முன்பே எங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அப்பா கோத்திரம் பார்த்தார், சம்பளம் விசாரித்தார், இரண்டு ஜோசியர்களிடம் ஜாதகத்தைக் காட்டினார். ஜாதகத்தில் ஈரலுக்கென்று தனியாக ஒரு கட்டம் கிடையாதே! வெள்ளைக்காரக் கம்பெனி உத்தியோகம், சிரித்த முகம், ஒரே பிள்ளை, நாத்தனார் தொல்லை இல்லை என்று எல்லோருக்கும் பரம திருப்தி. ஆபீஸ் சிநேகிதர்களோடு மௌண்ட் ரோட்டில் சாயங்கால வேளைகளில் ஆரம்பித்த பிராந்தி, காலையில் கண் விழித்ததும் வேண்டும் என்கிற அளவுக்குப் போய், ஒரு நாள் ரத்தமாக வாந்தி எடுத்த பிறகுதான் நின்றதாம். எங்களுக்கு அதை மஞ்சள் காமாலை என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

நான் போன பிறகு அவர் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. யாரும் கேட்காவிட்டாலும் இதை நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

ஆனால் உடம்பு மன்னிக்கவில்லை. கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் தண்ணீர் கோத்துப் பெருத்திருக்கும். வேஷ்டி இடுப்பில் நிற்காது. கண் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவார். தண்ணீர் மூச்சை முட்டும் அளவுக்கு ஏறினால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றில் குழாய் போட்டு எடுத்துவிட்டு வருவோம். ஒரு தடவை ஜட்கா வண்டிக்காரன் அவரை ஏற்றிவிடும்போது, "இன்னா சாமி, வவுறு இம்மாம் பெருசா கீது?" என்று கேட்டுவிட்டான். எனக்கு உயிரே போனது. அவரோ, "ஏழாம் மாசம்ப்பா, பள்ளம் பாத்து ஓட்டு" என்றார். வண்டி லஸ் முனை திரும்பும் வரை அவன் சிரித்துக்கொண்டே வந்தான். அவர் என் பக்கம் குனிந்து, "உனக்கு முந்தி எனக்கு வளைகாப்பு, கோச்சுக்காதே" என்றார். கோபித்துக்கொள்ளத்தான் செய்தேன். எதில்தான் விளையாடுவது என்று அவருக்குக் கிடையாதா?

வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டர் என் மாமனாரோடு படித்தவர். மாமனார் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. கூடப் படித்த உரிமையில் டாக்டர் இவரை வாடா போடா என்றுதான் பேசுவார். டாக்டர் விதித்தவை இரண்டே: குடி கூடாது, உப்பு கூடாது. உப்பு உள்ளே போனால் வயிற்றில் தண்ணீர் ஏறும் என்று மாமியாருக்கு மூன்று முறை சொன்னார். மாமியார் தலையை ஆட்டினார். மடியாகச் சமைத்துப் பிள்ளைக்குப் பரிமாறுவது அவர் ஒருவர்தான். பிள்ளை சாப்பிடும்போது மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டும். வேறு எதற்கும் அந்த முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் பெண்டாட்டி உட்கார வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அவர் இலையில் வைத்த மிச்சத்தைச் சாப்பிட்ட பிறகுதான் எனக்கென்று தனியாகப் போடுவார்கள். ஆகவே தினமும் முதல் கவளம் உப்பில்லாத மோர் சாதம். ஒரு பங்குனி மாதம், அந்தக் கவளத்தை வாயில் வைத்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன். மோர் சாதம் கரித்தது. மாவடுத் தண்ணீர் கலந்த உப்பும் காரமும். இலை மடிப்பில் ஒரு மாவடுக் காம்பு.

நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் கரித்தது. அதற்கு மறுநாளும். புது நாட்டுப்பெண் மாமியாரைக் கேள்வி கேட்பது நடக்கிற காரியமா? மெதுவாக என் புருஷனிடமே கேட்டேன். "அம்மாவுக்கு நான் ருசிச்சுச் சாப்பிடணும். நான் மூஞ்சியச் சுளிச்சா அவ அன்னிக்கு ராத்திரிப் பலகாரம்கூடப் பண்ணிக்கறதில்லை. விட்டுடேன்" என்றார்.

வயிறு விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வேகத்தில் மறுபடியும் ஏறியது. டாக்டர் வந்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார், முகம் சிவந்தது. "ஏண்டா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? எங்கேடா வாங்கறே? யார் கொண்டுவந்து தரா?"

அவர் அம்மாவைப் பார்த்தார். மாமியார் வாசற்படியில் நின்றிருந்தார்.

"பெத்தவளையும் இந்தச் சின்னப் பொண்ணையும் பாருடா. வெக்கமா இல்லையா உனக்கு? குடிகாரப் பய."

"தப்புதான் மாமா" என்றார் அவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை பேர் வாயில் விழுந்து, எவ்வளவு பாடுபட்டு விட்ட குடி! உள்ளிருந்து கூடத்துக்கு வந்தேன். வெளி ஆண்கள் முன்னால் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "அவர் குடிக்கலை. உப்பு. அம்மா தினமும் மாவடு போடறா. அவர் இலையில சாப்பிடறவ நான், எனக்குத் தெரியாதா?"

டாக்டர் மாமியார் பக்கம் திரும்பினார். அவர் சொன்னதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. பெற்ற பிள்ளையைக் கொல்கிறாய் என்பதுதான் சாரம். இனிமேல் சமையலும் பரிமாறலும் பெண்டாட்டிதான் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

மாமியார் அழவில்லை. கரண்டியை என் முன்னால் வைத்தார். "நீயே பாத்துக்கோ" என்றார்.

அன்று மத்தியானம் அவர் என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "நான் குடிச்சேன்னே இருந்துட்டுப் போயிருக்கலாமே. ஏற்கெனவே கெட்ட பேருதானே எனக்கு, அவளுக்கு இல்லையே." கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அதன் பிறகு நான்தான் உப்பில்லாமல் சமைத்தேன், நான்தான் போட்டேன். அவர் இலையில் உட்காரும் நேரம் பார்த்து மாமியார் கொல்லைக் கிணற்றடிக்குப் போய்விடுவார். "அம்மா, ஒரு கை சாதம் நீ போடேன்" என்று அவர் கூப்பிடுவார். "எனக்கு உப்பு எது, சக்கரை எதுன்னு தெரியாதுடா" என்று கிணற்றடியிலிருந்து பதில் வரும். ஒரு நாளாவது நான் போய் மாமியார் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். வாங்கோ அம்மா, உப்பில்லாட்டாலும் நீங்க போட்டா அவருக்கு இறங்கும் என்று சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. நான் சொன்னது சரி என்கிற நினைப்பு எனக்கு. அந்த வயதில் சரியாக இருப்பதில் ஒரு மிதப்பு இருக்கிறது, அது கண்ணை மறைத்துவிடுகிறது.

வயிறு சில மாதம் வற்றியிருந்தது உண்மை. ஒரு நாள் நாங்கள் இருவரும் கோவில் குளத்தைச் சுற்றி ஒரு பிரதட்சிணம்கூட வந்தோம். அடுத்த ஆடியில் மறுபடியும் ரத்தமாக வாந்தி எடுத்தார். இரண்டு நாளில் முடிந்துவிட்டது. ஈரல் அந்த நிலைமைக்குப் போன பிறகு உப்பை நிறுத்தியதில் கிடைத்தது கொஞ்ச நாள்தான் என்று டாக்டர் கூடத்தில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கொஞ்ச நாளைத்தான் நான் ஒரு தாயாரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பத்தாம் நாள் போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். அன்று என்னை என்னென்ன செய்தார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. அதற்கு முன்னால், காலையில், சமையலறையிலிருந்து மாமியார் என்னைக் கூப்பிட்டார். அந்தப் பங்குனிக்குப் பிறகு அவர் அடுப்பு முன்னால் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். வெண்கலப் பானையில் சாதம் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னிக்கு அவனுக்கு உப்பு போடலாமோன்னோ? நீ சொல்லுடி" என்றார்.