அரை டிகிரி

என் மனைவியின் தங்கையை வீட்டில் ‘அரை டிகிரி’ என்றுதான் கூப்பிடுவோம். கம்ப்யூட்டர் படிப்பில் மூன்று வருடம் ஓட்டினாள். இரண்டு பேப்பர் அரியர் நின்றுபோனது. அதை எழுதுவதற்குள் வேலை கிடைத்துவிட்டது. வேலை கிடைத்தவளுக்குப் பரீட்சை எதற்கு என்று நானும்தான் சொன்னேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் வேறென்ன சொல்வேன்.

அவள் அலுவலகத்தில்தான் எனக்கும் மின்சார வேலை. பத்தொன்பது வருடமாக அவளைப் பார்க்கிறேன். பெரிய படிப்பு படித்ததுகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும். இவள் சாப்பாட்டு டப்பாவிலிருந்து தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்ப்பாள். “மேலேருந்து நாலாவது வரி. போ, போய்ச் சாப்பிடு.” அவ்வளவுதான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் மேனேஜர் அவளிடம் ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார். ஒரு வேலைக்கு ஆயிரம் விண்ணப்பம் வருகிறது, படிக்க முடியவில்லை. பட்டம் இல்லாததை மனிதக் கண் படாமலே தள்ளிவிட வேண்டும். தள்ளியதைத் திரும்பச் சேர்க்கவும் வழி இருக்கக் கூடாது, சிபாரிசு வந்து கழுத்தறுக்கும் என்றார். இவளும் எழுதிக் கொடுத்தாள்.

“உனக்கே உறைக்கலையா?” என்று பிற்பாடு கேட்டேன்.

“நான்தான் உள்ள இருந்தேனே அத்தான். வெளிய நிக்கிறவங்க நெனப்பு எங்க வரும்?”

இந்த வருடம் அலுவலகம் கைமாறியது. புது முதலாளி கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற எல்லோரையும் அவரவர் நாற்காலிக்கே புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னார், அந்தப் புரோகிராம் வழியாக. அன்று அவள் தலைக்கு மேலே டியூப் லைட் மாற்றிக்கொண்டிருந்தேன். அவளிடம் தொழில் கற்ற பக்கத்து சீட்டுக்காரன், பட்டதாரி, கிசுகிசுத்தான்.

“உங்க புரோகிராம்தானேக்கா? ஒரு வரிய மாத்திட்டா போச்சு.”

“மாத்தித் தொலையேன்,” என்றேன் ஏணியிலிருந்து.

“நீங்க லைட்ட மாட்டுங்க அத்தான். இத்தனை பேரைத் தள்ளிவிட்டுட்டு எனக்கு மட்டும் கதவைத் தொறந்துக்கவா?”

பட்டம் உண்டா என்ற இடத்தில் ‘இல்லை’ என்று அழுத்தினாள். நான் இரண்டு படி இறங்குவதற்குள் நிராகரிப்புக் கடிதம் வந்துவிட்டது. அதுவும் அவளே எழுதி வைத்த கடிதம். படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் மேனேஜர் ஓடி வந்தார்.

“என்னம்மா, லிஸ்ட்ல உன் பேரையே காணோம்?”

“வராது சார். அப்படித்தான் எழுதச் சொன்னீங்க.”

“அட, கையால சேர்த்துடும்மா!”

“அதுக்கு வழி வைக்காதேன்னதும் நீங்கதான்.”

மனிதர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “இப்ப என்ன பண்ணலாங்கிற?”

“அந்தக் கேள்வியவே எடுத்துடலாம் சார். எல்லாருக்கும். இன்னிக்கே முடிச்சுத் தர்றேன்.”

மேலே கேட்டுச் சொல்வதாகப் போனார். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. கேள்வி இருக்கும். அவள் இடம் பக்கத்து சீட்டுக்காரனுக்கு. புரோகிராமைப் பராமரிக்க வேறு ஆள் இல்லாததால் அவளை ஒப்பந்தத்தில், வருடா வருடம் புதுப்பிப்பது போல, வைத்துக்கொள்வார்கள். இரண்டு பேப்பரும் தேறினால் அப்புறம் பார்க்கலாம்.

“போங்கடான்னு தூக்கிப் போட்டுட்டு வா,” என்றேன்.

“வேற எங்க போனாலும் இதே கேள்விதான் அத்தான்.”

நாற்பத்தொரு வயதில் பரீட்சைக்குப் பதிந்திருக்கிறாள். மத்தியானம் ஜெனரேட்டர் ரூம் பக்கம், என் ஸ்டூலில் உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறாள். பாடம் அவள் கல்லூரியில் இருந்தபோது வைத்த அதே பாடம்.

“இதெல்லாம் இப்ப ஒருத்தரும் செய்யறதில்ல,” என்றாள் நேற்று, பக்கத்தைப் புரட்டாமல். “நான் செய்யற மாதிரி எழுதினா தப்பும்பாங்க.”

“அப்ப என்ன பண்ணுவ?”

“புக்ல இருக்கறதையே எழுதுவேன்,” என்று சொல்லிவிட்டு, மறுபடி முதல் வரியிலிருந்து முணுமுணுக்க ஆரம்பித்தாள்.