லீவில் நடந்தது

வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்கள் கராமா ரூமில் லீவு என்றால் ஊர். வேறு பொருள் கிடையாது. மூன்று வார லீவில் ராசல் கைமா மலையிலிருந்து தெற்கே ஹத்தா வரை நடக்கப் போகிறேன் என்றதும், ரூமில் கூட இருந்தவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. "லீவு கிடைக்கல, டூட்டி அதிகம்" என்று போனில் புளுகிவிட்டேன்.

பதினோரு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறேன். மேலும் கீழுமாகவே போன பிழைப்பு. ஊருக்குப் போனாலும் கல்யாண வீடு, துக்க வீடு, ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் என்று அலைந்து, போனபோது இருந்ததைவிடக் களைத்துத் திரும்புவேன். யாருக்கும் எதற்கும் தேவைப்படாமல் ஒரே ஒரு தடவை இருந்து பார்க்க ஆசை. சொன்னால் அவளுக்கு வலிக்கும் என்பதும் தெரியும்.

ஜனவரி வெயில் இதமாக இருந்தது. வழிக்குறி இருந்த இடத்தில் அதன்படி நடந்தேன். இல்லாத இடத்தில் காய்ந்து கிடந்த ஓடைகளின் வழியே போனேன். நாளொன்றுக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் என் முழங்கால் ஒப்புக்கொள்ளவில்லை. பேரீச்சந்தோட்டங்களில் வேலை செய்யும் பாகிஸ்தான்காரர்கள் பிக்கப்பை நிறுத்தி, "காடி கராப், பாய்?" என்று கேட்பார்கள். வண்டி பழுதாகாமல் இந்த நாட்டில் ஒருவன் எதற்கு நடக்க வேண்டும்? லீவு என்று சொன்னால் இன்னும் பரிதாபமாகப் பார்த்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து, "ஹாங், கராப்" என்று சொல்லிவிட்டு அவர்கள் தந்த குபூஸ் ரொட்டியையும் தண்ணீரையும் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் சிக்னல் கிடைக்கும் மேடாகப் பார்த்து ஏறி, சைட்டில் நிற்பதாக மனைவியிடம் சொல்வேன். அந்தப் பத்து நிமிடம்தான் பாரமாக இருக்கும். போனை வைத்ததும் மனது மறுபடி லேசாகிவிடும். அதை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

கடைசி நாள் ஹத்தா அணைக்கு எதிரே உட்கார்ந்து போனில் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"நாலாம் நாளே தெரியும்ங்க" என்றாள். "லிஃப்ட் வேலை பாக்குற மனுசனுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குதுன்னு நெனச்சேன். பின்னாடி ஆடு வேற கத்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"நாங்க யாரும் இல்லாம நல்லா இருந்துச்சா?"

இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை. "இருந்துச்சு" என்றேன்.

அந்தப் பக்கம் என் அப்பா இருமிக்கொண்டே அவளைக் கூப்பிட்டார். எங்கள் சின்ன மகள் எதற்கோ அழுதாள். "இந்தா வர்றேன் மாமா" என்று அவருக்குக் குரல் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"சரி, எனக்கு எப்பங்க லீவு?"

ரூமில் நாங்கள் ஒருவரை ஒருவர் தினமும் கேட்டுக்கொள்கிற கேள்விதான். அதை அவளும் கேட்கக்கூடும் என்று பதினோரு வருடத்தில் ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.