களனி கங்கையில் போன மூவர்ணக் கொடி

1931ஆம் ஆண்டின் கடைசியில் நான் யட்டியாந்தோட்டைக்குப் போனது தையல் மெசின் விற்கத்தான், கொடி பறக்கவிட அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கொழும்பில் என் கம்பெனிக்காரர்கள் இன்றுவரை இதை நம்பவில்லை.

மருதானையில் காலை ரயிலைப் பிடித்தால் அவிசாவளை வழியாக ஏறக்குறைய நாற்பத்தைந்து மைல். தண்டவாளமும் சின்னது, ரயிலும் சின்னது, அவசரம் என்பது அதற்கு அறவே கிடையாது. மூன்றாம் வகுப்பில் ஒரு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. அவிசாவளை தாண்டினால் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள்தான், கண் அலுத்துப் போகிற அளவுக்கு. பசியோடு போய் இறங்கினேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் சோறும் ஆற்றுமீன் குழம்பும் கிடைத்தன. மீன் நன்றாக இருந்தது, சோற்றில் கல் இருந்தது.

கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் துணிக்கடை வாசலில் மெசினை வைத்து, தைத்துக் காட்டிக் கொண்டிருந்தேன். ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிட்டேன். சனிக்கிழமை பிற்பகல் ஒருவர் துணிப் பொட்டலத்தோடு வந்து, ஓரம் அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். பெயர் சவரிமுத்து. களனி கங்கைக்கு அக்கரைத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். பொட்டலத்தைப் பிரித்தார். மேலே வெள்ளை, நடுவே பச்சை, கீழே சிவப்பு. இந்தியாவில் சுதந்திரம் கேட்பவர்கள் ஏந்தும் கொடி.

என் வாய் சும்மா இருக்குமா? "இது பழசாச்சே! இந்த வருஷம் மாற்றிவிட்டார்களே" என்றேன். மனிதரின் முகம் செத்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டாம் என்று அப்போதே தோன்றியது. ஆனாலும் பெட்டியிலிருந்த பத்திரிகையை எடுத்து வாசித்துக் காட்டினேன். பழைய கொடியில் சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்ற மதத்தாருக்கு என்று அர்த்தம் சொல்லி வந்தார்கள். எங்கள் நிறம் எங்கே என்று சீக்கியர்கள் கேட்டார்கள். கொடியை மதத்துக்கு மதம் பங்கு போட்டதே தப்பு என்று வேறு சிலர் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் காவி மேலே, வெள்ளை நடுவே, பச்சை கீழே, மத்தியில் நீல ராட்டை என்று முடிவானது. காவி தைரியத்துக்கு, வெள்ளை உண்மைக்கு, பச்சை நம்பிக்கைக்கு. எந்த நிறமும் எந்த மதத்துக்கும் உரியதல்ல.

"அப்ப எங்க வெள்ளைய மேல இருந்து எறக்கிட்டாங்களா?" என்றார் சவரிமுத்து. அவர் கிறிஸ்தவர்.

"நடுவுல இருந்த பச்சையும் அடிக்குத்தானே போயிரிக்கி" என்றார் நானா.

இந்தியாவில் நடந்த சண்டை யட்டியாந்தோட்டையிலும் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் நானா சிரித்தார். "முந்தி எனக்கு ஒரு நெறம் மட்டுந்தான் தந்தாங்க. இப்ப மூணும் என்ட நெறம் எங்கிறாங்க. யாவாரத்துல இது லாபந்தானே மகன்?"

சவரிமுத்துவும் சிரித்துவிட்டார். ஆனால் அவருடைய உண்மையான கவலை வேறு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான தன் லயத்து வாசலில் கொடியேற்ற ஆசைப்பட்டிருந்தார். செய்தி எப்படியோ தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு எட்டிவிட்டது. தோட்டத்து மண்ணில் எவன் கொடி நட்டாலும் வேலைப் பேரேட்டில் அவன் பெயரை வெட்டி, லயத்து அறையைக் காலி செய்யச் சொல்லிவிடுவேன் என்று பெரிய கங்காணி அறிவித்திருந்தார்.

"பிறகு எதற்கு இந்த வம்பு?" என்று கேட்டேன். எனக்குக் கோபமே வந்தது. மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள மனிதர்.

"கோயில் கொடியேத்தம் பாத்திருக்கோம், தொரை கொடிக்குச் சலாம் போட்டிருக்கோம். நம்ம கொடின்னு ஒண்ண எங்காளுங்க கண்ணால பாத்ததில்லீங்க ஐயா. ஒருவாட்டி பாத்துட்டா போதுங்க."

நானா ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். "தோட்டம் தொரைட. கங்க தொரைடயா?" கித்துல்கலப் பக்கமிருந்து மூங்கில் தெப்பங்கள் ஆற்றோடு கொழும்புக்குப் போகும். தெப்பக்காரர்கள் நானாவின் வாடிக்கைக்காரர்கள். மறுநாள் ஒரு தெப்பம் இறங்குகிறது. சவரிமுத்துவின் லயமோ ஆற்றைப் பார்த்த சரிவில்.

அடுத்த இடைஞ்சல் காவித் துணி. கடையில் இருந்த காவி எல்லாம் புத்த பிக்குகளுக்குச் சீவரம் தைக்க வைத்திருந்தது. கேட்காமல் வெட்டினால் ஊர் என்ன சொல்லுமோ என்று நானாவே குடையை எடுத்துக்கொண்டு விகாரையின் தலைமைப் பிக்குவைப் பார்க்கப் போனார். திரும்பி வந்ததும் கத்தரிக்கோலைத் தேடினார். "ஹாமுதுருவோ ஒண்டும் சொல்லல்ல. விகாரைட பங்குத் துணி மிச்சம் இரிக்கான்னு மட்டுந்தான் கேட்டாரு."

ராட்டையை எங்கள் மூவரில் யாரும் பக்கத்தில் பார்த்ததில்லை. பத்திரிகைப் படமோ மைப் பூச்சாக இருந்தது. சவரிமுத்து நீலத் துணியில் ஒரு சக்கரம் வெட்டினார். கைப்பிடியும் பல்லுமாக, அசல் ரப்பர் ஷீட் உருட்டுகிற மெசின் சக்கரம்! "இது ராட்டையே இல்லையே" என்றேன். "இதையும் கையாலதாங்க சுத்துறோம்" என்றார். அப்படியே தைத்துக் கொடுத்தேன். என் மெசின் அவ்வளவு நேராக அதுவரை தைத்ததில்லை.

ஞாயிறு காலை பஸ்ஸில் கித்துல்கல ரோட்டில் சில மைல் போய், ஆறு அடங்கி ஓடும் இடத்தில் தெப்பம் ஏறினோம். நெட்டை மூங்கில் ஒன்றில் கொடியைக் கட்டி நிறுத்தினார்கள். எனக்கு நீச்சல் தெரியாது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இரண்டு சுழிப்பில் முழங்கால் வரை தண்ணீர் ஏறியது. அப்போது தேசபக்தி கொஞ்சம் குறைந்தது உண்மை.

வளைவு திரும்பியதும் தோட்டம் வந்தது. முதலில் ஒரு பெண் கண்டாள். அவள் போட்ட சத்தத்தில் லயத்துக் கதவுகள் எல்லாம் திறந்தன. ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கரைக்கு ஓடி வந்தார்கள். சவரிமுத்துவின் மனைவி சின்னப் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். கங்காணி தண்ணீர் வரை இறங்கி வந்து, நிறுத்து நிறுத்து என்று கைத்தடியை ஆட்டினார்.

"கங்க நவத்தன்ன பே, கங்காணி!" என்று தெப்பக்காரர் திருப்பிக் கத்தினார். ஆற்றை நிறுத்த முடியாதாம். கரை முழுவதும் கொல்லென்று சிரித்தது. சவரிமுத்து கொடிக்கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், வெட்கமில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை.

யட்டியாந்தோட்டைத் துறையில் இறங்கியபோது கொடியை அவிழ்க்கப் போனோம். தெப்பக்காரர் விடவில்லை, கொழும்பு வரை நிற்கட்டும் என்றார். அப்படியே போனது. திங்கட்கிழமை வழக்கம்போல் பெயர் கூப்பிட்டார்கள், சவரிமுத்து கத்தியோடு பால் வெட்டப் போனார். தோட்டத்து மண்ணில்தான் யாரும் எதையும் நடவில்லையே, துரையால் என்ன செய்ய முடியும்? இதை நானா சொல்லிக் கேட்ட பிறகுதான் நான் ஊர் திரும்பினேன்.

போக நினைப்பவர்களுக்கு: மழை ஓய்ந்த பின் மார்கழி, தை நல்லது. அட்டைக்கு எலுமிச்சம்பழமும் உப்பும் கொண்டு போங்கள். தோட்டத்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். தெப்பத்தில் மாற்றுத் துணியில்லாமல் ஏறாதீர்கள்.

திரும்பும் ரயிலில் கரவனல்லையில் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் ஏறி என் எதிரே உட்கார்ந்தார். உட்காருமுன்பே ஆரம்பித்துவிட்டார். "நேத்து ஆத்துல கொடி போச்சுங்களே, பாத்தீங்களா? எங்க தோட்டமே ஆத்தோரம் கூட ஓடுச்சுங்க." யார் தைத்தது, யார் ஏற்றியது என்றெல்லாம் சொல்லிப் பெருமையடிக்க எனக்கு நாக்குத் துடித்தது.

"அது யாருடைய கொடி தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரோடதா? நம்மளதுங்க" என்றார்.