நான் வாங்கிக் கொடுத்த கைநாட்டு

எங்கள் கல்லூரிக்குச் சர்வதேச இருக்கை ஒன்று கிடைத்திருக்கிறது என்று முதல்வர் அறிவித்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபப்பட எனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்பதை வாசிக்கிறவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

இருக்கை என்றால் என்னவென்று வீட்டில் விளக்க வேண்டியிருந்தது. தாமிரபரணிப் பக்கத்துச் சின்னப் புதுக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் அப்பா, "ஏளா, ஒரு நாற்காலிக்கா காலேஜுல இத்தன கொட்டு?" என்று கேட்டார். வெளிநாட்டிலுள்ள பெரிய அமைப்பு ஒன்று சில பல்கலைக்கழகங்களையும் கல்லூரிகளையும் தேர்ந்தெடுத்து, அங்கே ஒரு பேராசிரியர் பதவிக்குத் தன் பெயரைக் கொடுக்கும் என்றேன். அந்தப் பேராசிரியர் கல்வி, பண்பாடு, அறிவியல், மனித உரிமை நான்குக்கும் பாடுபடுவார் என்றேன். அப்பா பருப்புப் பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே, "யாராவது பாடுபட்டாச் சரிதான்" என்றார்.

நான் அப்போது சமூகவியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம். ஒவ்வொரு ஆண்டும் முதல்வர் கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு, போடாவிட்டால் இல்லை. இருக்கைக்கு வந்த பேராசிரியர் நீண்ட காலம் வெளிநாட்டில் பாடம் நடத்தியவர். தாமிரபரணிக் கரை ஊர்க்காரர். முதல் நாளே என்னை அழைத்து, "இந்த இருக்கை உப்பளத்துப் பெண்களுக்கானது மேடம். அவங்க குரல் உலகத்துக்குக் கேட்கணும். உங்களுக்கு அவங்க பேச்சு வரும். நீங்கதான் களத்துக்குப் போகணும்" என்றார். ஒரு பேராசிரியர் என்னிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

எட்டு மாதம் உப்பளங்கள் இருக்கும் வேம்பாருக்குப் போனேன். கடற்கரைச் சாலைப் பேருந்தில் போய் இறங்கி, உப்பளத்துக்குள் வரப்பு வரப்பாக நடப்பேன். முதல் இரண்டு மாதம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு அக்கா பேசினார். நாற்பத்தேழு வயது. கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். பதினாறு வயதிலிருந்து உப்பு வாருகிறவர். காலில் வெடிப்பு வெடிப்பாகப் புண். அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு.

"காலையில இருந்து தண்ணி குடிக்க மாட்டோம் டீச்சர். குடிச்சா ஒண்ணுக்குப் போணும்லா? எங்கன போறது? கண்ணுக்கு எட்டுன மட்டும் வெள்ளையாக் கெடக்கு. மறைவுக்கு ஒரு முள்ளுச்செடி உண்டா, பாருங்க."

பார்த்தேன். இல்லை.

கக்கூஸ் கட்டித் தரச் சொல்லிக் கேட்ட இரண்டு பெண்களைக் கங்காணி மறுநாளே வேலைக்கு வரவேண்டாம் என்று சொன்னதையும் அவர்தான் சொன்னார். ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது, ஆஸ்பத்திரியில் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்கிறார்கள் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் பேசினார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

ஒப்புதல் படிவம் மூன்று பக்கம். முழுக்க ஆங்கிலம். அக்கா கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்ன போட்டிருக்கு?"

"படிப்புக்குத்தான்க்கா. ஒங்க பேரு வெளிய வராது."

மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. புகைப்படத்தையும் சொன்ன சொல்லையும் இருக்கையின் வெளியீடுகளுக்கும் விளம்பரத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று. நான் அதைப் படிக்காமல் இல்லை. படித்தேன், புரிந்தது. அதைப் போய் இவரிடம் விளக்கினால் பயந்துவிடுவார், எட்டு மாத வேலை கெட்டுப்போகும் என்று நினைத்தேன். மைப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். அவர் பெருவிரலைச் சேலையில் துடைத்துவிட்டு வைத்தார். சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

அறிக்கை வெளியீட்டு விழா நகரத்தில் ஒரு ஓட்டலில் நடந்தது. வெளிநாட்டிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் முந்திரி மக்ரூன் இனிப்பு டப்பா. உப்பளத்திலிருந்து யாரையும் அழைக்கவில்லை. போக்குவரத்து ஏற்பாடு சிரமம் என்றார்கள். வழவழப்பான அறிக்கையை என் கையில் கொடுத்தபோது அட்டையில் அக்காவின் முகம். ஒருநாள் எங்களோடு வந்த புகைப்படக்காரர் எடுத்தது. வெயில் கூசிக் கண்ணைச் சுருக்கியபடி நிற்கிறார். உள்ளே அவர் வயது, ஊர், கணவர் இல்லாதது, இரண்டு பெண்கள் எல்லாம் இருந்தன. கங்காணியைப் பற்றி அவர் சொன்னது தடித்த எழுத்தில் தனிக் கட்டத்துக்குள். பெயரை மட்டும் போடவில்லை.

அறிக்கையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். ஆனாலும் மேடையில் என் பெயரைச் சொல்லி நன்றி கூறியபோது எழுந்து நின்று கும்பிட்டேன்.

நான்கு நாள் கழித்து வாசலிலிருந்து காவலாளி போன் செய்தார். "மேடம், ஒரு பொம்பள ஒங்களக் கேட்டு வந்திருக்கு. ஐடி ஒண்ணும் இல்லங்குது. உள்ள விடலாமா?"

இறங்கிப் போனேன். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அக்கா வெளியே நின்றார். அவர் தலைக்கு மேலே, வாசல் வளைவில், விழாவுக்குக் கட்டிய ஃபிளெக்ஸ் பேனர். கல்வி, பண்பாடு, அறிவியல், மனித உரிமை என்று எழுதி, பக்கத்தில் அவர் முகம், ஒரு ஆள் உயரத்துக்கு. அதற்குக் கீழே நின்றுகொண்டுதான் காவலாளி அவரிடம் அடையாள அட்டை கேட்டிருக்கிறார்.

"உள்ள வாங்கக்கா."

"வேண்டாம் டீச்சர்." அண்ணாந்து ஒருமுறை பார்த்தார். "பெருசாத்தான் போட்டிருக்கீய."

அவரே சொன்னார்.

"முந்தாநாள் அளத்துக்குப் போனேன். கங்காணி போனுல எம் படத்த எடுத்துக் காட்டுதான். 'நீ பெரிய ஆளாயிட்ட, இனிமே பெரிய எடத்துலயே வேல பாரு'ன்னுட்டான். பக்கத்து அளத்துலயும் போய்க் கேட்டேன். எல்லாரு போனுலயும் எம் மூஞ்சி கெடக்கு."

"அக்கா, நான்…"

"பேரு வராதுன்னு சொன்னீய. வரலதான். மூஞ்சி இருக்கும்போது பேரு எதுக்கு?"

அவரைப் பக்கத்து டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, பேராசிரியரின் அறைக்குப் படியேறினேன். ஏறும்போது அழுகைதான் வந்தது. கோபம் அவர் பேச ஆரம்பித்த பிறகுதான் வந்தது.

"ரொம்ப அன்ஃபார்ச்சுனேட்" என்றார். "ஆனா கன்சென்ட் இருக்கே மேடம். நீங்கதானே வாங்கினீங்க?" கோப்பை எடுத்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார். நீல மையில் அந்தப் பெருவிரல். அதன் கீழே என் கையெழுத்து.

"தப்பு என்மேலயும் இருக்கு சார். இப்ப அவங்களுக்கு வேலை இல்ல. நம்ம லெட்டர்பேடுல அளத்து முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதுவோம். லேபர் ஆபீசுக்கு ஒண்ணு எழுதுவோம். இந்த இருக்கைன்னா எல்லாரும் மதிப்பாங்க."

"இருக்கை யாருக்கும் சார்பா நிக்க முடியாது. நாம பண்றது ரிசர்ச்." கொஞ்சம் யோசித்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "ஆனா இது நல்ல ஃபாலோ-அப் ஆகும். பேசினதுக்காகவே வேலை போயிருக்கு. அவங்க கீழதானே இருக்காங்க? இன்னைக்கே ஒரு இன்டர்வியூ எடுத்துட முடியுமா?"

"அந்தப் பேனர்ல மனித உரிமைன்னு எழுதியிருக்கீங்களே சார், அது எந்த மனுஷங்களுக்கு?"

"நீங்க எமோஷனலா இருக்கீங்க. நாளைக்குப் பேசலாம்."

நாளைக்கு நான் பேசவில்லை. அன்றைக்கே தோட்டக்காரரிடம் அரிவாளை வாங்கினேன். காவலாளியின் நாற்காலியில் ஏறி, பேனர் கட்டியிருந்த கயிற்றை ஒரு பக்கம் அறுத்தேன். "மேடம், மேடம், என் வேலைக்கு ஒல வச்சிராதீய" என்று காவலாளி கீழே நின்று கத்தினார். மாணவர்கள் போனில் படம் பிடித்தார்கள். மறுபக்கத்தையும் அறுத்துக் கீழே தள்ளி, சுருட்டி எடுத்துக்கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். "மழைக்குக் கூரையில போடலாம்" என்றார். கேலியா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

கல்லூரிச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வெளிநாட்டுத் தலைமையகத்துக்கு நடந்ததையெல்லாம் எழுதினேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. என் அக்கறைக்கு நன்றியாம். என் கடிதத்தை உரிய நடவடிக்கைக்காக இருக்கைப் பேராசிரியருக்கே அனுப்பியிருக்கிறார்களாம். அதைப் படித்துவிட்டு வீட்டில் ஒரு டம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அப்பா கடையிலிருந்து ஓடி வந்தார்.

பிறகு ஆங்கிலத்தில் இருந்த அந்த அறிக்கையை உட்கார்ந்து தமிழில் எழுதினேன். யாரும் சொல்லவில்லை. சொன்னவர்களுக்கே தெரியாமல் சொன்னது உலகம் சுற்றுகிறது என்ற எரிச்சலில் எழுதினேன். எழுதி முடித்து வேம்பாருக்குப் போனபோது அக்கா வாசலிலேயே நிறுத்தினார்.

"இன்னும் என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்க்கா. நீங்க சொன்னத என்னான்னு எழுதியிருக்காங்கன்னு வாசிச்சுக் காட்டிட்டுப் போயிருதேன்."

என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். பிறகு பக்கத்து வீடுகளில் குரல் கொடுத்தார். ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். வாசித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே ஒருவர் நிறுத்தினார்.

"என்னது, 'போதிய குடிநீர் வசதி இல்லை'யா? தண்ணியே கெடையாதுன்னுல்லா சொன்னேன்!"

"'சில பெண்கள் அசௌகரியமாக உணர்கிறார்கள்.' யாரு அந்தச் சில பெண்கள்? அசௌகரியமாம்லா! ரத்தமாப் போவுதுன்னு நான் சொன்னது எங்க?" என்றார் இன்னொருவர்.

நான் எழுதிக் கொடுத்ததில் அவர்கள் சொன்னது அப்படியே இருந்தது. அச்சுக்குப் போகும் வழியில் யாரோ வழித்து எடுத்திருக்கிறார்கள். கங்காணியைப் பற்றிய வரி மட்டும், படிக்கச் சுவையாக இருக்கும் என்பதால், தப்பித்து அக்காவின் தலையில் விழுந்திருக்கிறது. வாசித்து முடித்தபோது அந்த வீட்டில் இருந்த கோபத்துக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமே இல்லை.

அக்காதான் அறிக்கையை எடுத்து அட்டையைத் தட்டினார். "இதுல வெளிநாட்டு முத்திரை இருக்குல்லா? இதப் பாத்துதான கங்காணி பயந்தான். கலெக்டரும் பாக்கட்டும்."

அடுத்த திங்கட்கிழமை, மனு கொடுக்கும் நாளில், ஆறு பேர் போனோம். மனுவை அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதியிருந்தேன். எழுதியதை இரண்டு முறை வாசித்துக் காட்டியிருந்தேன். மேசையில் இருந்த அதிகாரி அட்டைப் படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்கதானாம்மா?"

"நானேதான் சார். வெயிலுக்கு வாங்க, அதே மாதிரி கண்ணச் சுருக்கிக் காட்டுதேன்."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரியும் சிரித்தார். ஆனால் மனுவில் குறிப்பு எழுதினார். மூன்று முறை அலைந்த பிறகு ஆய்வுக்கு ஆள் வந்தார்கள். அந்த அளத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் தகரக் கதவு போட்ட கழிப்பறையும் வந்தன. அக்காவை மட்டும் திரும்பச் சேர்க்கவில்லை. இப்போது கருவாடு சேர்த்து வைக்கும் கிட்டங்கியில் வேலை பார்க்கிறார். உப்பு அங்கேயும் அவரை விடவில்லை.

முதல்வர் அந்த ஆண்டு எனக்குக் கையெழுத்துப் போடவில்லை. நான் புதுக்கோட்டையில் போட்டித் தேர்வுக்குப் பாடம் நடத்துகிறேன். போன ஆண்டு இருக்கையின் ஆண்டறிக்கையை இணையத்தில் பார்த்தேன். 'சமூகத்தில் ஏற்பட்ட தாக்கம்' என்ற தலைப்பின் கீழே அந்தத் தகரக் கதவின் படம் இருந்தது. இருக்கையின் ஆய்வால் உப்பளத்துப் பெண்களுக்குக் கிடைத்த வசதி என்று எழுதியிருந்தார்கள். மனுவோடு அலைந்தது யார், வேலை இழந்தது யார் என்று ஒரு சொல் இல்லை. பேராசிரியருக்கு இன்னொரு நாட்டில் இன்னொரு இருக்கை கிடைத்திருக்கிறதாம்.

அக்காவிடம் ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். "ஒங்க மேல கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன் டீச்சர்" என்றார். "ஆனா கடுதாசி எழுத ஆளு வேணும்லா." மன்னித்தாரா என்று கேட்காதீர்கள். நான் கேட்கவில்லை.

போன மாதம் அவரிடமிருந்து போன் வந்தது. அந்தக் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்களாம். சாவி கங்காணியின் இடுப்பில். அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் திறப்பானாம்.

"நீங்க அந்த அளத்துலயே இல்லயேக்கா" என்றேன்.

"நான் இல்லன்னா? அவளுகளுக்கு மூத்திரம் வராதா? திங்கக்கிழம போறோம். தெளிவா எழுதிக் கொண்டாங்க. 'அசௌகரியம்'னு ஒரு எடத்துலயும் வரக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன்.