கோபக்காரி நடத்திய பொறுமைப் பாடம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இந்த வயதில் அதை மூடி மறைத்து எழுதி எனக்கு என்ன ஆகப்போகிறது? "நீ பொறந்தப்ப அழுகவே இல்லடி, மருத்துவச்சியை வைஞ்சுக்கிட்டேதான் வந்தே" என்பாள் எங்கள் ஆத்தா. பெற்றவளே இப்படிச் சொன்னால் மற்றவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோபத்தோடுதான் டீச்சர் வேலைக்குப் போனேன். நாற்பதுகளின் ஆரம்பம், எங்கோ சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கட்டுமாவடியில் பெண்பிள்ளைகளுக்கென்று ஜில்லா போர்டு நடத்திய ஒரு ஸ்கூல் இருந்தது. ஸ்கூல் என்று பெயர்தான். கடலைப் பார்த்த ஒரு நீளக் கீற்றுக் கொட்டகை, ஒரு கரும்பலகை, ஒரு நாற்காலி, டீச்சர் என்று நான் ஒருத்தி. டிரெயினிங் முடித்த கையோடு, இருபது வயதில், ஆவுடையார்கோவிலிலிருந்து ஆத்தாவையும் ஒரு தகரப் பெட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போய் இறங்கினேன். அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை. அது போய்விட்டால் நானும் ஆத்தாவும் மாமா வீட்டுக்குத்தான் போகவேண்டும். அங்கே அடுப்பூதிக்கொண்டு, நாள் முழுக்க அத்தை வாயில் விழுந்து எழுந்திருக்க வேண்டும். அதற்குக் கடலில் விழலாம் என்பதில் எனக்கும் ஆத்தாவுக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

முப்பது பிள்ளைகள் இருக்கும். பெரும்பாலும் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். படகு கரைக்கு வந்தது தெரிந்தால் பாதி வகுப்பு காலி. நான் கத்துவேன், கொட்டுவேன், காதைத் திருகுவேன். சாயங்காலமானால் மனசு கேட்காது. அடித்த கையாலேயே அதுகளை முன்னால் உட்கார வைத்துப் பேன் பார்த்துத் தலை பின்னி விடுவேன். அதனாலோ என்னவோ, என்னிடம் அடி வாங்காத பிள்ளையும் இல்லை, என்னை விட்டு ஓடிப்போன பிள்ளையும் இல்லை.

அதில் ஒருத்தி, ஒன்பது வயதுக்காரி, நண்டு வலை போடுகிறவருடைய மகள். என் கோபத்தில் முக்கால்வாசி அவளுக்கே செலவானது. முட்டாள் என்று சொல்லமுடியாது. மெதுவு. அப்படி ஒரு மெதுவு! காலையில் பேர் கூப்பிட்டால், அவள் "உள்ளேன் டீச்சர்" சொல்வதற்குள் நான் அடுத்த இரண்டு பேரைக் கூப்பிட்டு முடித்திருப்பேன். அவள் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்போதே எரிச்சலில் ஆப்சென்ட் போட்ட நாளெல்லாம் உண்டு. ஏழும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்டால் எழுந்திருப்பாள், பாவாடையை இழுத்துவிட்டுக்கொள்வாள், கூரையைப் பார்ப்பாள். அதற்குள் ஒரு உலை வைத்து இறக்கிவிடலாம். "வாயில என்னாடி, கொழுக்கட்டையா?" என்று கத்துவேன். வர இருந்த பதிலும் உள்ளே போய்விடும். பிறகு அழுவாள். அழுவதை மட்டும் சட்டென்று செய்வாள்.

ஒரு நாள் அப்படித்தான், பொறுக்கமாட்டாமல் டஸ்டரை அவள்மேல் எறிந்தேன். அவள் குனியக்கூட இல்லை, அதற்கும் அவளுக்கு நேரம் வேண்டுமே. என் குறிதான் தப்பியது. டஸ்டர் வாசலுக்குப் பறந்துபோய், அப்போதுதான் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே கால் வைத்த ஓர் அம்மாளின் கருநீலப் புடவையில் வெள்ளையாக முத்திரை குத்திவிட்டுக் கீழே விழுந்தது. பெண்கள் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற இன்ஸ்பெக்டர் அம்மா! சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார்.

அந்த அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, ரிஜிஸ்டரைப் பார்த்து, பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போகும்போது சொன்னார்: "பிள்ளைங்க நல்லாப் படிக்குதுங்க. ஆனா ஒங்களுக்கு வாய்க்கு முன்னாடி கை போகுதும்மா. இன்னிக்கு நான் ஒண்ணும் எழுதலை. ரெண்டு மாசம் கழிச்சு, தேதி சொல்லிட்டே வாரேன். நீதி போதனையில பொறுமைன்னு ஒரு பாடம் நடத்திக் காட்டுங்க. அன்னிக்கும் இப்படித்தான்னா, இவங்களுக்கு இந்த வேலை ஒத்துவராதுன்னு எழுதறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை."

பொறுமை! நான்! வீட்டில் போய்ச் சொன்னபோது ஆத்தா முதலில் சிரித்தாள். பிறகு பரண்மேல் பார்த்து, "பொட்டியை எறக்கித் தொடைச்சு வச்சுறவா?" என்றாள். அவளிடமும் சண்டை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தேன்.

ஆனாலும் விடுவதாக இல்லை. கேள்வியும் பதிலும் நானே எழுதிப் பிள்ளைகளை மனப்பாடம் பண்ண வைத்தேன். பொறுமை என்றால் என்ன? துன்பம் வந்தாலும் மனம் கலங்காமல் காத்திருப்பது. பொறுமைக்கு எதிரிகள் எவை? கோபம், அவசரம், எரிச்சல், கடுஞ்சொல். முன்வரிசையில் ஒரு துடுக்குக்காரி, எப்போது கேட்டாலும் எரிச்சலை விட்டுவிடுவாள். நாலாவது தடவையும் விட்டபோது மண்டையில் நறுக்கென்று ஒரு கொட்டு வைத்து, "எரிச்சல்டி, எரிச்சல்! எத்தனை தரம் சொல்றது?" என்று கத்தினேன். கொட்டகையே கப்சிப். பிறகு எவளோ களுக்கென்றாள். அவ்வளவுதான், முப்பதும் சிரித்தது. கொட்டு வாங்கினவளும் தலையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். என்னாலும் அடக்கமுடியவில்லை.

சிரித்து ஓய்ந்ததும் எனக்கு இன்ஸ்பெக்டர் அம்மா ஞாபகம் வந்தது. "சிரிங்கடி, நல்லாச் சிரிங்க. அந்தம்மா வர்ற அன்னிக்கும் நான் இப்படிக் கோவப்பட்டேன்னா எனக்கு வேலை போயிரும். ஒங்களுக்கு வேற டீச்சர் வருவாங்க. நிம்மதியா இருங்க!" என்று கொட்டிவிட்டேன். பிள்ளைகளிடம் சொல்லுகிற பேச்சா அது? சொன்ன பிறகுதான் உறைத்தது. நண்டுக்காரர் மகள் மட்டும் பின்மூலையில் எழுந்து நின்று ஏதோ சொல்லப் பார்த்தாள். அவள் சொல்வதற்குள் நான் மணியடித்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அந்தக் காலத்து வாத்தியார்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மக்குப் பிள்ளைகளை வீட்டோடு நிறுத்திவிடுவார்கள். வெளியே யாரும் சொல்லமாட்டார்கள், செய்யாதவர்களும் இல்லை. நானும் செய்தேன். முதல் நாள் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, "நாளைக்கு நீ வர வேணாம். வீட்டுல அம்மாவுக்கு ஒத்தாசையா இரு" என்றேன். என் கோபத்தைக் கிளப்புகிறவளே எதிரில் இல்லாவிட்டால் கோபம் எங்கிருந்து வரும்? அப்படித்தான் என் புத்தி போயிற்று. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதிலுக்காக நான் நிற்கவில்லை.

மறுநாள் பிள்ளைகள் எண்ணெய் வழிய வழியத் தலைவாரிக்கொண்டு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா வண்டியிலிருந்து இறங்கி வந்து என் நாற்காலியில் அமர்ந்தார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு திரும்பினால், பின்மூலையில் அவள்! துவைத்த பாவாடையும் மடியில் சிலேட்டுமாக, சாமி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். எப்போது வந்தாள், யாரைக் கேட்டு வந்தாள்? எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. பாவி, என் குடியைக் கெடுக்கவென்றே வந்து உட்கார்ந்திருக்கிறாளே என்று மனசுக்குள் வைதேன். வெளியே சிரித்த முகம். அப்படி ஒரு சிரிப்பை என் ஆயுசில் நான் சிரித்ததில்லை, கன்னமே வலித்தது.

பாடம் ஆரம்பித்தேன். கேள்வியை முடிக்கவிடாமல் பதில்கள் வந்து விழுந்தன. துடுக்குக்காரி எரிச்சலை மறக்கவில்லை, கொஞ்சம் அழுத்தியே சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட இன்ஸ்பெக்டர் அம்மா, "நல்ல மனப்பாடம்" என்றார். பிறகு கையை நீட்டிக் காட்டினார். "அங்கிட்டு மூலையில இருக்கற பொண்ணைக் கேளுங்க. பொறுமையா இருந்து அவ செய்யற வேலை எதாவது உண்டான்னு கேளுங்க."

கேட்டேன். அவள் எழுந்தாள். பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கூரையைப் பார்த்தாள்.

கொட்டகைக்குள் ஒரு சத்தம் இல்லை, கடல்தான் இரைந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? எனக்கு அது ஒரு யுகம். உள்ளங்கை அரித்தது. "வாயில என்னாடி" என்பது தொண்டைக்குழி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். முன்வரிசையில் குசுகுசுவென்று பதிலை எடுத்துக் கொடுக்கப் பார்த்தார்கள். "சும்மா இருங்கம்மா, அவளே சொல்லட்டும்" என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். இன்ஸ்பெக்டர் அம்மா அந்தப் பெண்ணைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றரை வருஷமாக வைதிருக்கிறேன், அடித்திருக்கிறேன். அந்த முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. நான் நினைத்திருந்த மாதிரி அது வெறுமையாக இல்லை. உதடு மெல்ல அசைந்தது. ஒரு கை விரல்கள் இன்னொரு கை விரல்களிலிருந்து எதையோ பிரித்தெடுப்பதுபோல் ஓடிக்கொண்டிருந்தன. அட, யோசிக்கிறாள்! இத்தனை நாளும் யோசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், நான்தான் ஒவ்வொரு தடவையும் பாதியில் புகுந்து கெடுத்திருக்கிறேன்.

"நண்டு..." என்றாள்.

யாரோ சிரிக்கப் பார்த்தார்கள். கையைக் காட்டி அடக்கினேன்.

"வலையில நண்டு மாட்டியிருக்கும். அதை எடுக்கணும். இழுக்கப்புடாது. இழுத்தா வலை கிழிஞ்சிரும். நண்டுக்கும் கால் ஒடிஞ்சிரும், கால் ஒடிஞ்ச நண்டை யாரும் வாங்க மாட்டாக." நிறுத்தினாள். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். "ஒவ்வொரு காலா எடுத்துவிடணும். அப்ப அது கடிக்கும். கடிச்சாலும் கோவிச்சுக்கப்புடாது. அது பயந்துபோய்த்தானே கடிக்குது. எங்கப்பாவுக்குக் கோவம் வந்துரும், பிச்சுப்புடுவாரு. அதனால எங்க வீட்டுல நாந்தான் நண்டு எடுப்பேன்."

அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. இன்ஸ்பெக்டர் அம்மா, "இந்தப் பொண்ணு எத்தனை நாளா ஒங்ககிட்டப் படிக்குது?" என்று கேட்டார்.

"ஒன்றரை வருஷங்க."

"நல்லாக் கொண்டுவந்திருக்கீங்க" என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. இல்லைங்கம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை வேண்டியிருந்ததே! அந்த அம்மா இன்ஸ்பெக்‌ஷன் புத்தகத்தில் என்னை நிரந்தரம் செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியேறினார். ஆத்தாவிடம் சொல்லத் துடுக்குக்காரியை ஓடச் சொன்னேன். பின்னாலேயே மற்ற பிள்ளைகளும் கத்திக்கொண்டு ஓடின.

அவள் மட்டும் சிலேட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அதற்கும் அவளுக்கு நேரம் பிடித்தது. பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். "நான்தான் வர வேணாம்னு சொன்னேன்ல? ஏண்டி வந்தே?"

இந்தத் தடவை பல்லைக் கடிக்க வேண்டியிருக்கவில்லை. தானாகவே காத்திருந்தேன்.

"மத்த பிள்ளைங்கல்லாம் டக்குடக்குன்னு சொல்லிரும் டீச்சர். அதுககிட்ட நீங்க கோவப்படாம இருந்தா அதுல ஒண்ணும் இல்லைல்ல? என்கிட்டத்தானே ஒங்களுக்குக் கோவம் வரும். நான் இருந்தும் நீங்க கோவப்படலைன்னாத்தானே அந்தம்மா நம்புவாக."

"நான் கோவப்பட்டிருந்தா?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள்.

"அடிச்சாலும் அழுகக்கூடாதுன்னு வீட்டுலேருந்தே நெனச்சுக்கிட்டு வந்தேன்" என்றாள்.

நான்தான் அழுதேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்தபடி, ஏங்கி ஏங்கி அழுதேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நான் அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.