மூன்று தடவை சொல்லும் குரல்

மைக்கின் விசையைத் தட்டுவதற்கு முன் செருப்பை உதறிவிடுகிறார். வெறுங்காலைத் தரையில் ஊன்றி, ஒரு மிடறு வெந்நீர் குடிக்கிறார். மேசை விசிறியை நிறுத்துகிறார். பிறகுதான் விசை. “துறைமுகம் செல்லும் வண்டி இரண்டாவது மேடையில் தயாராக நிற்கிறது.” சொல்லி முடித்து விசையை அணைத்ததும் கால் தானாகச் செருப்பைத் துழாவுகிறது. அடுத்த அறிவிப்புக்கு நான்கே நிமிடம். ஆனாலும் மாட்டிக்கொள்கிறார். “செருப்போட பேசினா குரல் அவசரப்படும். எங்கயோ கிளம்பிட்டவ பேசுற மாதிரி இருக்கும்” என்கிறார்.

பேருந்து நிலையத்தின் நடுவில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த விசாரணை அறை. அதற்குள் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறார். ஆள் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. குரல் மட்டும் ஆறடி. நிலையத்தில் எல்லோருக்கும் அவர் ‘மைக் அக்கா’. பயணிகள் விட்டுப்போன பொருட்களும் அவர் பொறுப்பில்தான். மேசை இழுப்பறையில் இப்போது மூன்று குடைகள், ஒரு கணக்கு நோட்டு, ஒரு பல்செட். “குடையை மறக்கலாம், நியாயம். பல்லை எப்படிங்க மறப்பாங்க? ஊர்ல இறங்கி யாரைப் பார்த்துச் சிரிச்சாரோ மனுஷன்.”

கெட்ட செய்தி சொல்வதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. வண்டி ரத்து என்றால் வருந்துகிறோம் என்று இழுக்க மாட்டார். எந்த வண்டி, எத்தனை மணி வண்டி, ஏன் வராது, அடுத்தது எப்போது. அவ்வளவுதான். நல்ல செய்திக்கும் அதே குரல். “நான் சோகமா சொன்னா ஜனங்க நம்பாது. ஏதோ சமாதானம் சொல்றான்னு நினைச்சு அங்கேயே நிக்கும். சப்புன்னு சொன்னாத்தான் அடுத்த வண்டிக்கு நடக்கும்.”

சென்ற ஆண்டு, வண்டிக்காகக் காத்திருந்த ஒரு பெண்மணி இந்தக் குரலைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் தட்டினார். டப்பிங் ஸ்டூடியோ நடத்துபவர். நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய பெரிய ஆங்கில நாவல் ஒன்றை வெளிநாட்டில் தொலைக்காட்சித் தொடராக எடுத்திருந்தார்கள். அதை நம் மொழியில் பேசவைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். கடலோரக் குன்றின் மேல் ஒரு பெரிய வீடு. அதில் அக்கா, தங்கை. தங்கைக்கு நிச்சயமானவன் கப்பல் மருத்துவன்; போன இடத்திலிருந்து கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறான். அக்கா அத்தனையையும் தையல் பெட்டியின் அடித்தட்டில் ஒளித்துவைக்கிறாள். ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, ஏழு வருடம். அந்த அக்காவுக்குக் குரல் வேண்டும். மைக் அக்கா யோசிக்கவே இல்லை. புதன்கிழமை வார விடுமுறை; புதன்தோறும் ஸ்டூடியோ. வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு ஒளிபரப்பு. மொத்தம் பதினான்கு வாரம்.

முதல் மூன்று வாரம் நிலையத்தில் யாருக்கும் தெரியாது. நான்காவது வாரம், கதவு திறந்தபடி நகர ஆரம்பித்த வண்டி ஒன்றைப் பார்த்து மைக்கில் சொன்னார்: “கதவைச் சாத்துங்கள்.” நிலையம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முந்தைய மாலைதான் தொடரில் அந்த அக்கா, தபால்காரன் படியேறுவதைக் கண்டு, வேலைக்காரியிடம் இதே குரலில் சொல்லியிருந்தாள்: “கதவைச் சாத்து. குளிர் வருகிறது.” வரிசையில் நின்ற ஓர் அம்மாள் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணாடியருகே வந்தார். “நீயா அது? அந்தக் கடுதாசியெல்லாம் எப்ப குடுக்கப் போற?”

அன்றிலிருந்து தொடங்கியது. டீக்கடைக்காரர் இரண்டு வாரம் சர்க்கரை போடாமல் டீ அனுப்பினார். கேட்டால் மறந்துவிட்டதாம். மூன்றாவது தடவை கேட்டபோது, “தங்கச்சி அங்க அழுதுக்கிட்டிருக்கு. உங்களுக்குச் சர்க்கரை கேக்குதா?” என்றார். பார்சல் அலுவலகத்துக்காரர் போகிறபோக்கில் எட்டிப் பார்ப்பார்: “அக்கா, ஒரு தபால் வந்திருக்கு. உங்ககிட்ட குடுக்கலாமா, இல்ல நேரா உரியவங்ககிட்டயே சேர்த்துடட்டுமா?” பையைத் தவறவிட்ட ஒருவர், அதில் சான்றிதழ்கள் இருந்ததால், தானே வரப் பயந்து மனைவியை அனுப்பினார். அந்த அம்மா வாங்குவதற்கு முன்பே, “குடுத்துடுவீங்கதானே?” என்று கேட்டு, அங்கேயே ஒவ்வொரு தாளாகப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

ஓர் அஞ்சலட்டையும் வந்தது. ‘கடிதங்களை ஒளித்தவர், விசாரணை அறை, பேருந்து நிலையம்’ என்ற விலாசம். மறுபக்கம் ஒரே வரி: ‘இது மட்டும் உங்கள் கைக்கு ஒழுங்காக வந்து சேர்ந்ததல்லவா?’ அதைக் கண்ணாடியில் வெளியே தெரியும்படி ஒட்டிவைத்திருக்கிறார். “திட்டு வாங்கறதுலயும் ஒரு சுகம் இருக்குங்க. இருபத்திரண்டு வருஷமா இந்த ஊரே என் பேச்சைக் கேட்டு நடந்துச்சு. ஒருத்தராவது நிமிர்ந்து மூஞ்சியைப் பார்த்திருப்பாங்களா? இப்ப பார்க்கிறாங்க. முறைச்சுத்தான் பார்க்கிறாங்க, இருந்தாலும் பார்க்கிறாங்க.”

வீட்டிலும் இதே கதைதான். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம் பொருத்துபவர். ஒரு திருகைக்கூடக் கோபமாகத் திருகாதவர். வெள்ளிக்கிழமை மட்டும் ஆள் மாறிவிடுவார். நாற்காலி நுனிக்கு வந்து, “குடுத்துத் தொலையேன்டி பாவி!” என்று கத்துவார். பிறகு பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பவரைப் பார்த்து, “உன்னைச் சொல்லலை” என்பார். கதை எப்படி முடியும் என்று கேட்டுப் பார்த்தார். காலைக்கூட அமுக்கிவிட்டார். வெளியே சொல்வதில்லை என்று ஸ்டூடியோவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் மனைவி. “கட்டின புருஷன்கிட்டயே மறைக்கிறியே, தங்கச்சிகிட்ட மறைக்க மாட்டியா” என்று அவரும் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டார்.

இத்தனையும் வேடிக்கையாக இருந்தது ஒன்பதாவது வாரம் வரை. அதற்குள் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அறிவிப்பு முடிந்ததும் ஜனங்கள் எழாமல், ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். “ரெண்டாவது மேடையாமே, நிஜம்தானா?” கண்டக்டரிடம் ஓடிப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். எல்லா அறிவிப்பையும் இரண்டு தடவை சொல்வது நிலையத்தின் வழக்கம். அவர் மூன்றாக்கினார். பலன் இல்லை.

தினமும் காலை எட்டுப் பத்து மணி வண்டியில் போகிற ஒரு பெண் இருக்கிறார். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவர். நிலையத்தில் அவருக்கு ‘ஊசியம்மா’ என்று பெயர். நான்காவது மேடையின் பெஞ்சில் அவர் உட்காரும் இடத்தில் வேறு யாரும் உட்காருவதில்லை. ஒன்பதாவது வாரத்தில் ஒருநாள், நான்காவது மேடையில் பழுதான வண்டி ஒன்று மறித்துக்கொண்டு நின்றது. எட்டுப் பத்து இன்று ஆறாவது மேடையிலிருந்து புறப்படும் என்று மூன்று தடவை அறிவிப்பு வந்தது. ஊசியம்மா தூணில் இருந்த பலகையைப் பார்த்தார். அதில் நான்கு என்றுதான் எழுதியிருந்தது. பலகையை நம்பினார். வண்டி போயே போய்விட்டது. வெறும் வயிற்றோடு வந்து ஆய்வக வாசலில் காத்திருந்தவர்கள் அன்று ஒரு மணி நேரம் கூடுதலாகப் பட்டினி கிடந்தார்கள்.

மறுநாள் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றார்.

“நான் மூணு தடவை சொன்னேனேம்மா.”

“அதனாலதான் நம்பலை. நிஜத்தை யாரு மூணு தடவை சொல்வாங்க?”

“அது கதைங்க. இது வண்டி.”

“குரல் ஒண்ணுதானே?” என்றார் ஊசியம்மா.

புகார் டைம் கீப்பர் மேசைக்குப் போனது. அவர் நல்ல மனிதர். நிமிடத்தைத் தவிர வேறு எதிலும் கண்டிப்பு இல்லாதவர். “கொஞ்ச நாள் பாஸ் கவுன்டர்ல உட்காருங்களேன். அங்க இருக்கிறவர் வந்து மைக்ல பேசட்டும்.”

“அவருக்கு வருஷம் முழுக்க மூக்கடைப்பு சார். மேடைன்னு சொன்னா பேடைன்னு கேக்கும்.”

“கேக்கட்டும். நம்புவாங்கல்ல?”

இடத்தை விட்டுக் கொடுக்க அவருக்கு மனமில்லை. கதை முடியட்டும், அதற்கு மறு திங்கள்வரை தவணை கொடுங்கள் என்று கேட்டார். டைம் கீப்பர் நாட்காட்டியில் வட்டம் போட்டார். “அன்னிக்கு நானே வந்து நிப்பேன். ஒருத்தர் வண்டியை விட்டாலும் பாஸ் கவுன்டர்தான்.”

கடைசிப் பகுதியின் ஒலிப்பதிவு இதற்குப் பிறகு வந்தது. அக்கா கடிதங்களை எடுத்துத் தங்கையிடம் கொடுக்கும் கட்டம். திரையில் அந்த நடிகை ஜன்னலைப் பார்த்து, முதுகைக் காட்டி நிற்கிறார். உதடு தெரியாது, எப்படி வேண்டுமானாலும் பேசலாம். ஸ்டூடியோ அம்மா ஒரு விம்மல் கேட்டார். “ஜனங்க பதினாலு வாரமா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காங்க. நல்லா உடைஞ்சு அழுதுடுங்க.”

“அழுதா நம்ப மாட்டாங்கம்மா.”

“அழாட்டி மன்னிக்க மாட்டாங்க.”

“மன்னிக்க வேண்டாம். நம்பினா போதும்.”

இரண்டு விதமாகவும் பேசிக் கொடுத்தார். ஒன்று அழுகையோடு. இன்னொன்றுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டார். எதை வைப்பது என்பதை ஸ்டூடியோ அம்மா சொல்லவில்லை.

கடைசிப் பகுதி ஒளிபரப்பான வெள்ளிக்கிழமை அவருக்கு மாலைப் பணி. காத்திருப்போர் கூடத்தில் தொலைக்காட்சி இருக்கிறது. ஆனால் விசாரணை அறைக்கு அதன் முதுகுதான் தெரியும். ஆகவே கதையை அவர் பார்க்கவில்லை, பார்ப்பவர்களைப் பார்த்தார். ஏறவேண்டியவர்கள் ஏறாமல் நின்றார்கள். இரண்டு டிரைவர்கள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். டீக்கடைக்காரர் கெட்டிலோடு வந்துவிட்டார். வேலை முடிந்து திரும்பிய ஊசியம்மா, பையைத் தோளிலிருந்து இறக்காமல் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார். ஏழு இருபது வண்டியை அறிவிக்க மைக் அக்கா விசைமேல் கை வைத்தபோது, வாசலில் நின்ற டைம் கீப்பர் கையைக் காட்டி நிறுத்தினார். நிமிடத்துக்கு உயிரை விடும் மனிதர். “ரெண்டு நிமிஷம் கழிச்சுப் போகட்டும்.”

தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து மைக் அக்காவின் குரல் வந்தது. “மொத்தம் நாற்பத்தொரு கடிதங்கள். எல்லாம் தையல் பெட்டியின் அடித்தட்டில் இருக்கின்றன. நீ போய்விட்டால் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். அதனால்தான் மறைத்தேன்.” விம்மல் இல்லை. வண்டி எண் சொல்வதுபோல, மேடை எண் சொல்வதுபோல.

சாவி சுற்றுவது நின்றது. முன்வரிசையில் ஒருவர், “அடப் பாவமே” என்றார். அது அக்காவுக்கா தங்கைக்கா என்று தெரியவில்லை. டீக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சிவிட்டு, ஒருவரும் கேட்காமலே விசாரணை அறைக்கு ஒரு டீ கொண்டுபோய் வைத்தார். சர்க்கரை இரண்டு பங்கு. ஊசியம்மா மட்டும் கண்ணாடிப் பக்கம் திரும்பாமலே தன் வண்டிக்குப் போய்விட்டார். மைக் அக்கா வீட்டுக்குத் திரும்பியபோது கணவர் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. “வெங்காயம்” என்றார். அவர் கையிலிருந்தது அன்றைய முதல் வெங்காயம். தோல்கூட இன்னும் முழுதாக உரியவில்லை.

திங்கள் காலை. நான்காவது மேடையில் புதுச் சிமென்ட் பூசிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். தூணில் பலகை மாறவில்லை. நான்கு என்றே இருக்கிறது. பெஞ்சில் ஊசியம்மா, மடியில் சாப்பாட்டுப் பை. டைம் கீப்பர் சொன்னபடி வந்து விசாரணை அறை வாசலில் நிற்கிறார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. மணி எட்டாகி நான்கு நிமிடம்.

மைக் அக்கா செருப்பை உதறுகிறார். ஒரு மிடறு வெந்நீர். விசிறி. விசை.

“ஆஸ்பத்திரி வழியாகச் செல்லும் எட்டுப் பத்து வண்டி, இன்று ஆறாவது மேடையிலிருந்து புறப்படும்.”

ஊசியம்மா பலகையை ஒரு தரம் பார்க்கிறார். பக்கத்தில் இருப்பவர் ஏதோ கேட்க வாயெடுக்கிறார். ஊசியம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுகிறார். ஆறாவது மேடையைப் பார்த்து நடக்கிறார். கேட்க வந்தவரும் பின்னாலேயே எழுகிறார். பெஞ்ச் முழுவதும் காலியாகிறது.

“இன்னும் ரெண்டு தடவை பாக்கி” என்கிறார் டைம் கீப்பர்.

அடுத்ததற்காக இழுத்த மூச்சை மைக் அக்கா மெல்ல வெளியே விடுகிறார். விசையை அணைக்கிறார். காலால் செருப்பைத் துழாவி மாட்டிக்கொள்கிறார்.