இராகு காலமும் சாந்தகப்பையும்

மலைநாட்டில் மண்சரிவில் இடிந்த வீடுகளைத் திருப்பிக் கட்ட, எங்கள் யாழ்ப்பாணத்துத் தேவாலயத்திலிருந்து ஒன்பது பேர் புறப்பட இருந்தோம். ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், நான். சுவர் கட்டத் தெரிந்தவர், கூட வரச் சம்மதித்த சைவக்கார மேசன் ஒருவர்தான். அவர் வராவிட்டால் நாங்கள் கல் சுமந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வான் வண்டி புறப்படும் என்றதும் அவர் மறுத்தார்.

"அது இராகு காலம் ஐயா. நான் வரமாட்டன்."

"பிந்தினால் மலைப்பாதையிலை இருட்டிப்போகும். உதெல்லாம் பாக்கிறதே அண்ணை?" என்றார் போதகர்.

"அப்ப நீங்களே சுவரைக் கட்டுங்கோ. விழேக்கை நான் பக்கத்திலை நிக்கமாட்டன்."

கடைசியில் வழி சொன்னதும் அவர்தான். முதல்நாள் நல்ல நேரத்தில் பையை வேறோர் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கியதாகக் கொள்வார்கள்.

"உங்கடை கோயிலிலையே வைக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பிரசங்கத்தின் நடுவில் வந்தது. சுவரில் சாந்து பூசும் சாந்தகப்பை வெளியே நீட்டிக்கொண்டிருந்த பையுடன் மேசன் உள்ளே நடந்து வந்தார். போதகர் பிரசங்கத்தை நிறுத்தி, பையை வாங்கிப் பீடத்தருகே வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மறுநாள் அதை எடுக்கப் போனபோது பக்கத்தில் இன்னும் நான்கு பைகள் இருந்தன. எல்லாம் எங்கள் சபையாருடையவை. மேசன் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஐயாவின்ரை பையும் நேற்றே வெளிக்கிட்டிட்டுதோ?" என்று போதகரிடம் கேட்டுவிட்டு, முதல் ஆளாக வானில் ஏறினார்.